காய்ச்சலுக்கு ஒரு செட்

ஜனவரி 27

மருந்துக் கம்பெனி ரெப் கொடுத்த டைரி இது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கல்லீரல் டானிக் விளம்பரம். ஒரு மாதமாகச் சும்மா கிடந்தது. இன்று காய்ச்சல் அடித்ததால் கடையை ஏழு மணிக்கே சாத்திவிட்டு வந்தேன், பொழுது போகவில்லை, எடுத்தேன்.

செண்பகா மெடிக்கல்ஸ் ஏழு மணிக்குச் சாத்தியதைப் பார்த்துப் பக்கத்து இட்லிக்கடைப் பேச்சித்தாய் பதறிப்போனாள். "யக்கா, யாரும் தவறிட்டாவளா?" என்றாள். காய்ச்சல் என்றதும் சிரிக்கிறாள். "ஊருக்கே செட்டு குடுக்கிற உங்களுக்கே காய்ச்சலா?"

கோவில்பட்டியில் காய்ச்சல் என்று என் கடைக்கு வருகிறவர்கள் டாக்டர் சீட்டோடு வருவதில்லை. "ஒரு செட்டு குடுங்கக்கா" என்பார்கள். நான் ஆள் கனத்தைப் பார்ப்பேன், கண்ணைப் பார்ப்பேன், கத்தரிக்கோலை எடுப்பேன். ஒரு ஆன்டிபயாடிக், ஒரு பாராசிட்டமால், பொடிசாக ஒரு ஸ்டீராய்டு, ஒரு கேஸ் மாத்திரை, மனத் திருப்திக்கு ஒரு சிவப்பு சத்துக் கேப்சூல். சின்னக் கவரில் போட்டால் அதுதான் செட். சட்டப்படி கொடுக்கக் கூடாது. சட்டம் என்றைக்கு ராத்திரி காய்ச்சல் வந்து என் ஷட்டரைத் தட்டியிருக்கிறது?

எனக்கு நானே ஒரு செட் வெட்டிப் போட்டுக்கொண்டேன். டி.பார்ம் சும்மாவா படித்தேன்.

பிப்ரவரி 2

மூன்று நாள் ஓடிப்போயிருந்த காய்ச்சல் நேற்றுச் சாயங்காலம் திரும்பி வந்துவிட்டது. விளக்கு வைக்கிற நேரத்துக்கு வருகிறது, விடியும்போது உடம்பெல்லாம் நனைத்துவிட்டுப் போகிறது. ஜாக்கெட் எல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டன. ரெண்டு பேர் "மெலிஞ்சு அழகாயிட்டிய" என்றார்கள். காய்ச்சலிலும் ஒரு லாபம்.

என் வீட்டுக்காரர் கோமதிநாயகம், அரசுப் பள்ளியில் பி.டி. வாத்தியார். உலகத்தில் எந்த வியாதிக்கும் அவரிடம் ஒரே மருந்துதான். "காலையில நாலு ரவுண்டு ஓடினா சரியாயிரும் செம்பகம்" என்றார். ஓடவா? மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. வயசு ஐம்பத்தொன்று, அப்படித்தான் வாங்கும்.

பிப்ரவரி 6

லேபில் ரத்தம் கொடுத்தேன். டைபாய்டு பாசிட்டிவ். இந்த ஊர் லேபில் கதவு நிலையைச் சுரண்டிக் கொடுத்தாலும் டைபாய்டு பாசிட்டிவ்தான் வரும். இருந்தாலும் பேர் தெரிந்த வியாதி நல்லது. இந்த முறை ஆன்டிபயாடிக்கைக் கொஞ்சம் பெரிய சைஸாக எடுத்து, ஐந்து நாளைக்குச் செட் கட்டிக்கொண்டேன்.

பிப்ரவரி 11

காய்ச்சல் இல்லை. யாரிடம் வந்து மோதுகிறது!

பிப்ரவரி 15

காய்ச்சல்.

விரல் நுனியில் பட்டாணி மாதிரி ரெண்டு மூன்று சிவப்பு முடிச்சு. தொட்டால் உயிர் போகிறது. நாள் பூராவும் அட்டையிலிருந்து மாத்திரையைப் பிதுக்கினால் வராமல் என்ன செய்யும்? நகத்துக்கு அடியிலும் சிலாம்பு குத்தினது போல் கருஞ்சிவப்பாகக் கோடு. ஷட்டர் இழுக்கும்போது குத்தியிருக்கும். மூன்றாவது தடவையாக ஒரு செட் வெட்டிப் போட்டுக்கொண்டேன். கையைப் பார்த்த இவர், "ஆஸ்பத்திரிக்குப் போவமா?" என்றார். ஆஸ்பத்திரியே என் கடைக்குத்தான் வருகிறது, நான் எங்கே போக என்றேன். போய்த் தண்ணீர் மோட்டார் போட்டார்.

பிப்ரவரி 20

இன்று ஷட்டரைத் தூக்கும்போது பாதியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மூச்சு மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. பேச்சித்தாய் மாவுக் கையோடு ஓடி வந்து முதுகைத் தடவினாள், முதுகெல்லாம் மாவு. இவருக்குப் போன் போனதும் பள்ளிக்கூடத்திலிருந்து கழுத்தில் விசிலோடு வந்து நின்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக என்னைக் கேட்காமல் ஒரு கார் பிடித்தார். திருநெல்வேலிக்காம், பெரிய ஆஸ்பத்திரியாம்.

காரில் அவரிடம் ஒன்று சொன்னேன். "நான் செட்டு போட்ட விஷயத்தை டாக்டர்கிட்ட மூச்சு விடக் கூடாது. யார் காதிலயாவது விழுந்தா லைசென்ஸ் போயிரும். என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுங்க."

"அதெல்லாம் எதுக்குட்டி?"

"பண்ணுங்க."

பண்ணினார். கல்யாணமான புதிதில் என் தலையில் அடித்துச் சிகரெட்டை விட்டவர், இன்றைக்குவரை அடுத்தவர் பிடிக்கிற புகை பக்கம்கூட முகத்தைக் காட்டியதில்லை. சத்தியத்தை மீறினால் என் தலை வெடித்துவிடும் என்று நிஜமாகவே நம்புகிற மனுஷன். இதைவிடப் பெரிய பூட்டு ஊரில் விற்கவில்லை.

பிப்ரவரி 21

டாக்டர் ஒரு சின்னப் பெண். ஜெனிட்டா என்று பேர், தூத்துக்குடிக்காரி. என் மகளாக இருந்திருந்தால் இந்த வயசுதான் இருக்கும். வந்ததும் ஸ்டெதஸ்கோப்பை வைத்தவள் எடுக்கவே இல்லை. நிமிரச் சொன்னாள், சாயச் சொன்னாள், மூச்சை அடக்கச் சொன்னாள். பிறகு என் நகத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். ஷட்டர் குத்தியது என்றேன். "பத்து விரல்லயுமா குத்துச்சு?" என்றாள். வாய் கொஞ்சம் நீளம்.

"சின்ன வயசுல மூட்டெல்லாம் வீங்கிக் காய்ச்சல் வந்துச்சாம்மா?"

வந்தது. மாதா மாதம் பெனிசிலின் ஊசி போட்டுக்கொண்டிருந்தேன், இதயத்தில் ஒரு வால்வு லேசாக ஒழுகுகிறது என்றார்கள். கல்யாணம் பேசும்போது அப்பா ஊசியை நிறுத்திவிட்டார். ஊசி போடுகிற பெண்ணை யார் கட்டுவான்? இதை அவளிடம் சொன்னேன். இவரும் பக்கத்தில்தான் நின்றார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

"சமீபத்துல பல் ஏதும் பிடுங்கினீங்களா?"

பொங்கலுக்கு முன்னால் ஒரு கடைவாய்ப் பல்லை எடுத்தேன். இதயக் கோளாறு உண்டா என்று பல் டாக்டர் கேட்டதற்கு இல்லை என்றேன். பல்லுக்கும் இதயத்துக்கும் நடுவில் இருக்கிற தூரம் எனக்குத் தெரியாதா?

தெரியவில்லை போலிருக்கிறது. பல் எடுத்த புண் வழியாக வாயில் இருக்கிற கிருமி ரத்தத்தில் இறங்குமாம். நல்ல வால்வில் அதற்குப் பிடி கிடைக்காதாம். பழுதான வால்வில் ஒட்டிக்கொண்டு கூடு கட்டுமாம். என் நகத்தில் இருப்பது அந்தக் கூட்டிலிருந்து உதிர்ந்து வந்த துணுக்காக இருக்கலாமாம். மாத்திரை பிதுக்கினதால் இல்லையாம்.

"இதுக்கு முன்னாடி ஆன்டிபயாடிக் ஏதாவது சாப்பிட்டீங்களா?"

பாராசிட்டமால் போட்டேன் என்றேன். அது பொய்யில்லை. பாராசிட்டமாலும் போட்டேன்.

பிப்ரவரி 22

ரெண்டு கையிலும் மாற்றி மாற்றிக் குத்தி ரத்தம் எடுத்தார்கள். அதைப் பாட்டிலில் ஊற்றிச் சூடாக வைத்தால் உள்ளே இருக்கிற கிருமி வளருமாம். எந்தக் கிருமி என்று தெரிந்தால் அதற்கென்று உள்ள மருந்தை நேராகக் கொடுக்கலாமாம்.

நெஞ்சில் ஸ்கேன் எடுத்தார்கள். வால்வில் பதினோரு மில்லிமீட்டருக்கு ஒன்று தொங்கி ஆடுகிறது. அதன் பேர் வெஜிடேஷன். ஞாயிறு தவறாமல் கறி எடுக்கிற வீட்டில் எனக்குப் போய் வெஜிடேஷன். டாக்டரிடம் சொன்னேன், அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "அது பிச்சுக்கிட்டு மூளைக்குப் போனா சிரிக்க முடியாதும்மா" என்றாள்.

பிப்ரவரி 26

பாட்டிலில் ஒன்றும் வளரவில்லை. டாக்டர் ஜெனிட்டா நெற்றியைச் சுருக்கிக்கொண்டு வந்தாள். பாட்டிலில் சுலபத்தில் வளராத சில அபூர்வக் கிருமிகள் இருக்கின்றனவாம், அதைத் தேட வேண்டுமாம்.

"வீட்டுல ஆடு, மாடு இருக்கா? பச்சைப் பால் குடிப்பீங்களா? பூனை பிராண்டுச்சா?"

இவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். என் தலையைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். பிறகு, "எதிர்வீட்டுல ஒரு பூனை இருக்கு டாக்டர்" என்றார்.

பிப்ரவரி 28

மாற்றுத் துணி எடுத்துவர ஊருக்குப் போனவர், அந்தப் பூனையை செல்போனில் நாலு பக்கமும் படம் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார். எதிர்வீட்டுக்காரி சண்டைக்கு வந்தாளாம். டாக்டர் அந்தப் படத்தை மரியாதையாகப் பார்த்தாள். "பிடிச்சு ஒரு பையில கொண்டாரட்டா?" என்று கேட்கிறார். எனக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை.

ஆட்டுக் கிருமிக்கு ஒரு மருந்து, பூனைக் கிருமிக்கு ஒரு மருந்து, பேர் தெரியாத கிருமிக்கு ரெண்டு மருந்து என்று நாள் பூராவும் டிரிப் ஏறுகிறது. அதில் ஒன்று கிட்னியைப் பிடிக்கும் என்று எனக்கே தெரியும், நானே விற்றிருக்கிறேன். கிட்னிக் கணக்கு தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது என்று நர்ஸ் சொன்னாள். "கிருமி பேர் மட்டும் தெரிஞ்சா இந்த மருந்தை நிறுத்திருவேன். இருட்டுல கல்லெறிஞ்ச மாதிரி இருக்கும்மா" என்றாள் டாக்டர். பாவமாக இருந்தது. மெடிக்கல் கடை நடத்துகிறவள், "முழுக் கோர்ஸும் போடணும், பாதியில நிறுத்தக் கூடாது" என்று ஊருக்குப் புத்தி சொல்கிறவள், அரைகுறையாக மூன்று தடவை போட்டேன் என்று அந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது? லைசென்ஸ் வேறு இருக்கிறது.

மார்ச் 3

கையெழுத்து கோணுகிறது. நேற்றுக் காலை நடந்ததை இவர் சொல்லித்தான் தெரியும்.

எழுந்ததும் தண்ணீர் கேட்டேனாம். ஆனால் வாயில் "சாவி" என்று வந்ததாம். இவர் வீட்டுச் சாவியை எடுத்துக் கொடுத்தாராம். நான் அதை வீசிவிட்டு "சாவி, சாவி" என்று கத்தினேனாம். கடைச் சாவி, பீரோச் சாவி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துக் கையில் வைத்தாராம். கடைசியில், பிசகியிருப்பது என் பேச்சுத்தான் என்று அவருக்கு விளங்கிவிட்டது. டாக்டரைக் கூப்பிட விசிலை ஊதிவிட்டார். வார்டு நடுவில் பி.டி. விசில். வாட்ச்மேன் ஓடி வந்தானாம்.

வால்விலிருந்து ஒரு பொடித் துணுக்கு பிய்ந்து மூளைக்குப் போயிருக்கிறது. என்னை ஐ.சி.யூ.வுக்கு மாற்றினார்கள், மதியத்துக்குள் பேச்சு திரும்பிவிட்டது. அடுத்த துணுக்கு எவ்வளவு பெரியது, எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாதாம். ஆபரேஷன் டாக்டரும் வந்து பார்த்தார். கிருமி அடங்காமல் கத்தி வைப்பதும் ஆபத்து, வைக்காமல் இருப்பதும் ஆபத்து என்று இங்கிலீஷில் சொன்னார். எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்று அவருக்குத் தெரியாது.

பயமாக இருக்கிறது. செத்துப்போவதைவிட, இனி வாயில் வேறு வேறு வார்த்தை வந்துகொண்டே இருக்குமோ என்று பயம். என்னிடம் இருக்கிற ஒரே சொத்து வாய்தான். நாளைக்கு டாக்டரிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். எதை என்று இங்கே எழுத வேண்டியதில்லை.

மார்ச் 4

டாக்டர் வந்தாள். சொல்லவில்லை. கூட நாலு மாணவர்கள் நின்றார்கள்.

இவர் நாள் முழுக்க வராண்டாவில் போனும் கையுமாக இருந்தார். பள்ளிக்கூட விஷயமாம்.

மார்ச் 5

இன்றைக்கு என் மானம் பதினோரு மணிக்குப் போயிற்று.

டாக்டர் ரவுண்ட்ஸ் வருகிற நேரம். எப்போதும் கட்டிலை விட்டு நகராதவர், இன்று பார்த்து டீ வாங்கக் கேண்டீனுக்குப் போனவர், போனவர்தான். அவர் போன வாக்கில் பேச்சித்தாய் தூக்குச்சட்டியோடு வந்து நின்றாள். புதுச் சேலை, தலை நிறையப் பூ. ஐ.சி.யூ.விலிருந்து வார்டுக்கு மாற்றியதே நேற்றுத்தான், அதற்குள் எப்படி மோப்பம் பிடித்தாளோ. பின்னாலேயே டாக்டர் ஜெனிட்டாவும் மாணவர்களும்.

"இவங்க யாரு, தங்கச்சியா?"

"தங்கச்சி மாதிரிம்மா. பக்கத்துக் கடை. டாக்டரம்மா, எங்கக்காவச் சாதாரண ஆளா நெனச்சிராதிய" என்று ஆரம்பித்தாள். கண்ணைக் காட்டினேன். காலைக்கூட ஆட்டினேன். நிறுத்துகிற ஆளா? "எங்க ஊர்ல அக்கா செட்டு குடுத்தா பெரிய டாக்டர்லாம் பிச்சை எடுக்கணும். எம்மவனுக்கு, எம்மருமவளுக்கு, எனக்கு, எல்லாருக்கும் அக்கா செட்டுதான். கவரைப் பிரிச்சாலே காய்ச்சல் ஓடிரும்."

"செட்டுன்னா?"

"மாத்திரைம்மா! அஞ்சு மாத்திரை. அவியளும் அதத்தான் போட்டுக்கிடுவாவ. இந்தக் காய்ச்சலுக்கே மூணு வாட்டி போட்டாவளே, எங்கண்ணால பாத்தேன். போட்டா மூணு நாளு நல்லாருப்பாவ. பெறவு வரும். பெறவு போடுவாவ. அசர மாட்டாவ டாக்டரம்மா, அப்படி ஒரு தைரியம்!"

ஒரு மாணவன் எதையோ எழுதினான். டாக்டர் ஜெனிட்டா நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

"அந்தச் செட்டுல என்ன ஆன்டிபயாடிக்மா இருந்துச்சு?"

சொன்னேன். பேர், மில்லிகிராம், எத்தனை வேளை, எந்த நாளில் நிறுத்தினேன், எல்லாம் மளமளவென்று வந்தது. வாய் ஒரு வார்த்தை தவறவில்லை.

"அதான் பாட்டில்ல வளரல" என்றாள். "பாதி மருந்துல ரத்தத்துல இருந்த கிருமியெல்லாம் அடிபட்டுச் சுருண்டிருக்கு. வால்வுல இருந்தது மட்டும் ஜாம்னு இருந்திருக்கு. நான் ஒரு வாரமா உங்க எதிர்வீட்டுப் பூனையைச் சந்தேகப்பட்டுக்கிட்டு இருக்கேன்."

அழுதுவிட்டேன். அத்தனை பேர் முன்னாலும். பேச்சித்தாய், "பாத்தியளா, பெருமையா சொன்னதும் அக்காவுக்குக் கண்ணீர் வந்துட்டு" என்று மாணவர்களுக்கு விளக்கம் சொன்னாள்.

மார்ச் 8

ஆட்டு மருந்து, பூனை மருந்து, கிட்னியைப் பிடிக்கிற மருந்து எல்லாம் நின்றது. செத்த கிருமியின் மிச்சத்தைக்கூடக் கண்டுபிடிக்கிற ஒரு பரிசோதனைக்குச் சென்னைக்கு ரத்தம் போயிருக்கிறது. ஆனாலும் டாக்டருக்கு இப்போது நிச்சயம், பல்லிலிருந்து வந்த சாதாரண வாய்க்கிருமிதானாம். அதற்கென்று ஒரே ஊசி, நரம்பில், ஒரு நாள் விடாமல் நாலு வாரம்.

"நாலு வாரமுமா?" என்றேன்.

"முழுக் கோர்ஸும் போடணும், பாதியில நிறுத்தக் கூடாது" என்றாள். யாரோ அவளுக்கு என் வசனத்தைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

லைசென்ஸ் பற்றிக் கேட்டேன். "உங்க உயிரைப் பாக்குறது என் வேலை, கடையைப் பாக்குறது என் வேலையில்ல. ஆனா செட்டு கட்டுறத நிறுத்தலேன்னா நானே வந்து ஷட்டரை இறக்குவேன்" என்றாள். வாய் ரொம்பவே நீளம். பிடித்திருக்கிறது.

மார்ச் 12

நாலு நாளாகக் காய்ச்சல் இல்லை. யாரிடம் மோதுகிறது என்று எழுத வந்தேன். எழுதவில்லை.

மார்ச் 16

சென்னையிலிருந்து பதில் வந்தது. வாய்க்கிருமியேதான். இவர் எதிர்வீட்டுக்குப் போன் போட்டுப் பூனை விஷயமாக மன்னிப்புக் கேட்டார்.

மார்ச் 25

ஸ்கேன். பதினோரு மில்லிமீட்டர் நாலாகிவிட்டது, ஆடவில்லை. ஆபரேஷன் டாக்டர் இப்போதைக்கு வேண்டாம் என்றார், இந்த முறை தமிழில். வால்வு முன்னைவிடக் கொஞ்சம் அதிகமாக ஒழுகும், பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இனிப் பல்லில் கை வைப்பதற்கு முன்னால் தவறாமல் மருந்து போட வேண்டும். கிட்னிக் கணக்கும் இறங்கிவிட்டது. நான் பிழைத்துவிட்டதை இவர் போனில் யாருக்கோ திரும்பத் திரும்பச் சொன்னார். நான் தூங்குவதுபோல் கிடந்தேன்.

ஏப்ரல் 6

நேற்று வீடு வந்தேன். இன்று காலையில் கடையைத் திறந்தேன், இவர்தான் ஷட்டரைத் தூக்கினார். முதல் ஆளே "ஒரு செட்டு" என்றான். டாக்டர் சீட்டு கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு எதிர்க் கடைக்குப் போனான். அடுத்த நாலு பேரும் அப்படியே. ஐந்தாவதாக வந்த பெண்ணுக்கு ரெண்டு வாரக் காய்ச்சல். அவளை விடவில்லை, கடையை அப்படியே போட்டுவிட்டு ஆட்டோவில் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினேன். வழியெல்லாம் திட்டிக்கொண்டே போயிருப்பாள்.

பத்து மணி வாக்கில் பேச்சித்தாய் இட்லியோடு வந்தாள். வழக்கத்துக்கு மாறாக வாசலிலேயே தயங்கி நின்றாள்.

"யக்கா, எம்மேல கோவமா?"

"எதுக்கு?"

"அன்னைக்கு டாக்டரம்மா முன்னால செட்டப் பத்தி எடுத்துவிட்டேம்லா. பெறவுதான் எம்மவன் சொன்னான், அது சொல்லக் கூடாத விசயம்னு. சத்தியமாத் தெரியாதுக்கா. சார்தான் போன் பண்ணிச் சொன்னாவ."

"என்ன சொன்னாவ?"

"'பதினோரு மணிக்கு டாக்டர் வருவாவ, அந்நேரம் கட்டில்கிட்ட நில்லு, அக்கா செட்டப் பத்தி வாய் நெறையப் பெருமையாச் சொல்லு, அவியளே மூணு வாட்டி போட்டதையும் விட்டுறாதே, கேட்டா அக்காவுக்குத் தெம்பாருக்கும்'னு. பஸ் ஸ்டாண்டுக்கே வந்து ஆட்டோல கூட்டிட்டுப் போனாவ. வார்டு வாசல் வரைக்கும் வந்தாவ. 'நீங்களும் வாங்க சார்'னேன். 'நான் கேண்டீன்ல நிக்கேன்'னுட்டாவ."

இட்லியை வாங்கிக்கொண்டேன். கடைக்கு அவளைக் காவல் வைத்துவிட்டு இட்லியோடு வீட்டுக்கு நடந்தேன். பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டிருந்தார், கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். என் சேலைகள்.

"என் தலையில அடிச்சுப் பண்ணின சத்தியம் என்னாச்சு?" என்றேன்.

நான் எதைக் கேட்கிறேன் என்று அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. கையிலிருந்த சேலையை உதறி, மடிப்பு நேராக இருக்கிறதா என்று பார்த்து, கொடியில் போட்டார்.

"நான் வாயத் திறக்கலியே செம்பகம். சத்தியம் பண்ணினது நான். பேச்சித்தாய் பண்ணலியே."

இந்த மனுஷனுக்கு விசில் ஊதுவதைத் தவிர ஒன்றும் தெரியாது என்று ஊர் பூராவும் சொல்லி வைத்திருக்கிறேன். நான் செத்துக்கொண்டிருந்தபோதும் என் கௌரவத்தைத்தான் பார்த்தேன். இவர் என் உயிரையும் பார்த்து, என் தலையையும் பார்த்து, நடுவில் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். என்ன சொல்வதென்று எனக்கு வரவில்லை. இந்தத் தடவை அதற்குத் துணுக்கு காரணமில்லை.

அவர்தான் பேசினார். ஈரக் கையைப் பனியனில் துடைத்துவிட்டு என் உச்சந்தலையைத் தொட்டுப் பார்த்தார்.

"ஆனா கேண்டீன்ல நிக்கும்போது பயந்துட்டேன்ட்டி. ஆள் வச்சுச் சொன்னாலும் சத்தியத்த மீறுனதாயிருமோன்னு. இன்னிக்கு வரைக்கும் பயந்துகிட்டுதான் இருக்கேன். ஒண்ணும் ஆகலியே?"

"ஆகல" என்றேன். "இட்லி ஆறுது, வந்து சாப்பிடுங்க."